குதிரைமேல் ஒரு பித்தளைத் துண்டு

வீணையில் தந்திகள் ஏறி உட்காரும் மரத்துண்டுக்கு நம் ஊரில் குதிரை என்று பெயர். அதன் தலையில் ஓர் உலோகத் தகடு பதித்திருக்கும். தந்தி படுவது அந்தத் தகட்டில்தான். பக்கத்துத் தாளத் தந்திகளுக்கு வளைரேக்கு என்று தனியாக ஒரு வளைந்த உலோகப் பட்டை. ஆங்கிலத்தில் இதே இடத்துக்குப் பாலம் என்று பெயர். ஆனால் கிட்டாரின் பாலத்தில் கம்பி உட்காரும் சின்னத் துண்டுக்கு அவர்களே வைத்த பெயர் சேணம். பாலத்துக்கு எதற்குச் சேணம் என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம். நம் சொல்லை வைத்துக்கொண்டால் தீர்ந்துவிடுகிறது. குதிரைமேல் சேணம், சேணத்தின்மேல் கம்பி.

என் மேசை இழுப்பறையில் பழைய ஃபிலிம் டப்பா ஒன்றில் அப்படிப்பட்ட சேணங்கள் மூன்று கிடக்கின்றன. ஒவ்வொன்றும் பென்சில் பருமன், இரண்டு சென்டிமீட்டர் நீளம். வெறும் உருளை, மேலிருந்து கீழாக இரண்டு மரை போட்ட துளைகள், நடுவில் குறுக்காக ஒன்று. பார்த்தால் குழாய் ரிப்பேர்க்காரர் பையிலிருந்து விழுந்தது என்று நினைப்பீர்கள். மின் கிட்டார் வாசிக்கிறவர்களிடம் இந்தத் துண்டு பித்தளையா எஃகா என்று கேட்டால் ஒரு சாயங்காலம் போய்விடும். பித்தளை என்றால் நாதம் இனிக்கும், எஃகு என்றால் பளீரென்று வெட்டும் என்பார்கள். இந்த உருளை பிறந்து வளர்ந்த கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தச் சண்டையை நான் வேறு மாதிரிக் கேட்கிறேன்.

கதை தொடங்கும் ஊர் ஃபுல்லர்ட்டன். கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸுக்குத் தென்கிழக்கே, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஊர். அங்கே 1938-இல் லியோ ஃபெண்டர் என்பவர் 600 டாலர் கடன் வாங்கி ஒரு ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். படித்தது கணக்கு வேலைக்கு. பொருளாதார மந்தத்தில் அந்த வேலை போயிற்று. கடைக்கு ஒலிபெருக்கியும் கிட்டாரும் ரிப்பேருக்கு வந்தன. அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவர், 1946-இல் சொந்தமாக ஒரு வாத்தியக் கம்பெனியே தொடங்கிவிட்டார். கடைசிவரை அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாசிக்கத் தெரிந்திருந்தால் கிட்டார் எப்படி இருக்க வேண்டும் என்ற பழைய நினைப்புகள் கையைக் கட்டியிருக்கும். அவர் பார்த்தது ஒரு ரிப்பேர்க்காரரின் கண்ணால்: எது உடையும், எதைக் கழற்றி மாற்றலாம், எதை நாலு திருகில் மாட்டலாம்.

1950-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டாருக்கு வயிறே இல்லை. ஒரு பலகை, அதன்மேல் நாலு திருகில் பூட்டிய கழுத்து. முதலில் எஸ்க்வயர், பிறகு பிராட்காஸ்டர். இந்தப் பெயர் தங்கள் மேளங்களின் பெயர் போல இருக்கிறது என்று கிரெட்ஷ் கம்பெனி 1951 பிப்ரவரியில் ஆட்சேபம் தெரிவிக்க, கிட்டார்த் தலையில் ஒட்டும் படத்தில் அந்தச் சொல்லை மட்டும் கத்தரித்துவிட்டுக் கொஞ்ச காலம் பெயரில்லாமலே விற்றார்கள். அப்புறம்தான் டெலிகாஸ்டர். இந்தப் பெயர்ச் சண்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வட்டியோடு திரும்பி வரும்.

அந்தக் கிட்டாரின் குதிரை ஒரு மடக்கிய எஃகுத் தகடு. மூன்று பக்கமும் ஓரம் உயர்ந்து சின்னத் தட்டு போல இருக்கும். தகட்டிலேயே ஒரு சாய்ந்த ஓட்டை. அதில் கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப் தொங்கும். இப்படிக் குதிரையையும் பிக்கப்பையும் ஒன்றாக்கிய ஏற்பாட்டுக்கு 1951 அக்டோபரில் ஃபெண்டருக்குக் காப்புரிமை கிடைத்தது. உலோக வேலைக்கான அச்சுகளையும் கருவிகளையும் ரேஸ் அண்ட் ஓம்ஸ்டெட் என்ற உள்ளூர்ப் பட்டறை செய்து கொடுத்தது. எல்லாவற்றையும் மூட முலாம் பூசிய ஒரு மூடியும் உண்டு. வாசிக்கிறவர்கள் அதைக் கழற்றி எறிந்தார்கள், உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்து அமுக்கி வாசிக்க அது இடைஞ்சல். கவிழ்த்துப் போட்டால் சிகரெட் சாம்பல் தட்டக் கச்சிதமாக இருந்ததால், அதற்குச் சாம்பல் கிண்ணம் என்றே பெயர் நிலைத்தது. இன்று அந்தக் குதிரைக்கே சாம்பல் கிண்ணக் குதிரை என்றுதான் கடையில் பெயர்.

அந்தத் தட்டுக்குள் நம் கதாநாயகர்கள், மூன்று பித்தளை உருளைகள். ஒவ்வொன்றின் மேலும் இரண்டு கம்பி. பின்னாலிருந்து ஒரு நீளத் திருகு உருளையைக் குத்திப் பிடித்திருக்கும், இடையில் ஒரு ஸ்பிரிங். திருகைத் திருப்பினால் உருளை முன்னே பின்னே நகரும். மேலிருந்து இரண்டு சின்னத் திருகுகள் உருளைக்குக் கால்கள் மாதிரி. உயரத்தைக் கூட்டிக் குறைக்க. விரல் பலகையின் மேற்பரப்பு லேசாக வளைந்திருப்பதால் ஓரத்து உருளைகள் இரண்டும் சாய்ந்தே நிற்கும். கால் திருகு நீளமாகப் போய்விட்டால் அதன் தலை மேலே துருத்திக்கொண்டு வாசிக்கிறவன் உள்ளங்கையைப் பிறாண்டும். எழுபது வருஷமாக இந்தப் புகார் ஓயவில்லை. தீர்வு எளிது, குட்டைத் திருகு போட வேண்டும். ஆனாலும் புகார் மட்டும் இருந்துகொண்டே இருக்கிறது.

பித்தளை ஏன்? இனிமைக்காக என்றால் கதை அழகாக இருக்கும். ஆனால் பித்தளையை லேத்தில் வைத்துக் கடைந்து பார்த்தவர்களுக்கு வேறு காரணம் தெரியும். லேத்து வேலைக்கென்றே செய்யும் பித்தளைக் கம்பியில் செம்பும் துத்தநாகமும் போக மூன்று சதவீதம் அளவுக்குக் காரீயம் இருக்கும். அதனால் சீவல் நீளமாகச் சுருண்டு கருவியில் சிக்காமல் பொடிப்பொடியாக உதிரும். கருவி மழுங்காது, துளை போடவும் மரை வெட்டவும் வெண்ணெய் மாதிரி இருக்கும். தானியங்கி லேத்தில் ஒரு முனையில் கம்பியைச் செருகிவிட்டால் மறுமுனையில் உருளைகள் கொட்டும். துருவும் பிடிக்காது, முலாம் பூசும் செலவு மிச்சம். சின்னப் பட்டறைக்காரர் ஒருவர் சேணம் செய்ய உட்கார்ந்தால் முதலில் கைக்கு வரும் உலோகம் இதுதான். பல பத்தாண்டுகளாக நம் கடைசல் பட்டறைகளில் குழாய் நட்டும் வால்வும் பித்தளையில் செய்தார்களே, அதே கணக்கு.

ஃபெண்டரின் மனசு அந்தக் கணக்கின் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 1951-இல் வந்த அவருடைய பேஸ் கிட்டாரில் சேணம் உலோகமே இல்லை, அழுத்திய நார்த் துண்டு. கம்பி எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் அவருக்குக் கேள்வி. எதன்மேல் என்பது செலவையும் கைவசத்தையும் பொறுத்தது.

இப்போது கொஞ்சம் நிற்க வேண்டிய இடம். ஆறு கம்பிக்கு மூன்று சேணம் என்பது கணக்குப்படி தப்பு. கம்பியை மெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடும். சுருதி லேசாக ஏறும். உள்ளிருக்கும் எஃகு நரம்பு தடித்திருந்தால் இன்னும் ஏறும். அதைச் சரிக்கட்டக் கம்பியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். அதாவது சேணத்தைப் பின்னே தள்ள வேண்டும். திறந்த கம்பியையும் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய கம்பியையும் மாற்றி மாற்றி மீட்டி, இரண்டும் சரியாக ஒரு ஸ்தாயி இடைவெளியில் விழும்வரை திருகைத் திருப்புவார்கள். ஒவ்வொரு கம்பிக்கும் இந்தத் தூரம் வேறு. இரண்டு கம்பிக்கு ஒரே உருளை என்றால் ஒன்றுக்குச் சரி பார்த்தால் மற்றதில் பிசகும்.

ஆனாலும் 1950-இல் இது அவ்வளவு உறுத்தவில்லை. அன்றைய கம்பிகள் தடிமன். மூன்றாவது கம்பிகூட மேலே சுருள் சுற்றியது. ஆறு, ஐந்து, நான்கு, மூன்று என்று சுற்றிய கம்பிகளின் நரம்பு ஒழுங்காக மெலிந்துகொண்டே போகும். ஜோடி ஜோடியாகப் பிரித்தால் பிசகு சின்னதுதான், பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். பிறகு காலம் மாறியது. ஜேம்ஸ் பர்ட்டன் போன்ற டெலிகாஸ்டர்க்காரர்கள் கம்பியை வளைத்து இழுத்து வாசிக்க வசதியாக மெல்லிய பாஞ்சோ கம்பிகளைப் போட்டுக்கொண்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் எர்னி பால் மெல்லிய கம்பிகளைக் கட்டாகவே விற்க ஆரம்பித்தார். அவற்றில் மூன்றாவது கம்பி சுற்றாத வெறும் எஃகு. அதன் நரம்பு நான்காவது கம்பியின் நரம்பைவிடத் தடிமன். ஆக நடு உருளையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்க ஆரம்பித்தார்கள். உருளையில் தப்பில்லை, அதன்மேல் உட்காரும் கம்பிதான் மாறிவிட்டது. டெலிகாஸ்டர் சுருதி சேராது என்ற பழி மட்டும் அந்தச் சின்னத் துண்டின் தலையில் விழுந்தது.

அதற்குள் பித்தளையும் போய்விட்டிருந்தது. 1954-இன் இறுதிவாக்கில் டெலிகாஸ்டரில் எஃகு உருளை வந்தது. முலாம் பூசியது, வழவழப்பானது, கொஞ்சம் ஒல்லி. பித்தளையின் விட்டம் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு. எஃகின் விட்டம் கால் அங்குலம். 1958-இல் அந்த எஃகுத் துண்டின் உடம்பு முழுக்க மரை வெட்டிவிட்டார்கள். எந்தப் பள்ளத்தில் வேண்டுமானாலும் கம்பியை உட்கார வைக்கலாம், அது பக்கவாட்டில் வழுக்காது. நீளமான போல்ட்டிலிருந்து அறுத்து எடுத்தது போலவே இருக்கும். 1960-களின் கடைசியில் மறுபடி வழவழ உருளை, கம்பிக்கு ஒரு பள்ளம் மட்டும். இவை ஒவ்வொன்றுக்கும் இன்று தனித்தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது.

எஃகின் பக்கம் பேச எனக்கு ஒரே ஒரு வாதம் போதும். கம்பி எஃகு. கிட்டாரில் மெல்லிய ஆறு கம்பிகள் சுருதி கூட்டி நிற்கும்போது அவை சேர்ந்து இழுக்கும் விசை கிட்டத்தட்ட 45 கிலோ. இழுவை போதாதென்று, வாசிக்கிறவன் கம்பியை வளைக்கும்போதெல்லாம் அது சேணத்தின்மேல் ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் ஓடும். பித்தளை எஃகைவிட மிருது. ஒன்றிரண்டு வருஷத்தில் ஒவ்வொரு கம்பிக்குக் கீழும் ஒரு பள்ளம் விழும். முதலில் பள்ளம் நல்லது. கம்பி தன் இடத்தில் பதிந்து உட்காரும். ஆழமானால் கம்பி அதில் சிக்கிக்கொள்ளும், ஓரத்தில் உராய்ந்து அறுந்தும் போகும். எஃகில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் முலாம் தேய்ந்த இடத்தில் வியர்வை பட்டுத் துரு ஏறும். கால் திருகுகள் உருளையோடு ஒட்டி இறுகிப்போன பழைய எஃகுச் சேணத்தைக் கழற்றப் போராடியவர்களுக்குத் தெரியும், அதற்கு மண்ணெண்ணெயும் பொறுமையும் வேண்டும். பித்தளைக்குத் துரு இல்லை, களிம்பு உண்டு. பச்சையாக ஒரு படலம். பாட்டி வீட்டுக் குத்துவிளக்கில் பார்த்ததுதான். புளி போட்டுத் தேய்த்தால் போகிறது. கிட்டார்மேல் புளித் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கழற்றித் தேய்க்கவும்.

1954-இலேயே ஃபெண்டர் இன்னொரு கிட்டாரும் செய்தார். ஸ்ட்ராட்டோகாஸ்டர். அதில் ஆறு கம்பிக்கு ஆறு சேணம். கடைசல் வேலை இல்லை, எஃகுத் தகட்டை அச்சில் அடித்து மடக்கியது. கீழே கம்பிகளைத் தாங்க ஒரு கனத்த எஃகுக் கட்டை. போட்டிக் கம்பெனியான கிப்சனின் தலைவர் டெட் மெக்கார்ட்டியின் பேரில் வந்த குதிரையிலும் அதே ஆண்டு ஆறு சேணம். ஆனால் அங்கே நிக்கல் பூசிய பித்தளை. 1954 என்ற ஒரே ஆண்டில் ஒரு பட்டறை பித்தளையைக் கைவிடுகிறது, இன்னொன்று பித்தளையை எடுத்துக்கொள்கிறது. நாதத்தைப் பற்றிய ஒரு தீர்மானமான உண்மை உலோகத்தில் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று எனக்குப் படுகிறது.

1965 ஜனவரியில் ஃபெண்டர் தன் கம்பெனியை சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அதன் பிறகு நடந்ததைப் பற்றி ரசிகர்கள் புலம்புவதில் பாதி மிகை. பாதி உண்மை. 1971-இன் இறுதியில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் எஃகுச் சேணமும் எஃகுக் கட்டையும் போய், துத்தநாகக் கலவையில் வார்த்தவை வந்தன. வார்ப்பு மலிவு. அச்சில் ஊற்றினால் வேலை முடிந்தது. எடை குறைவு, மிருது. தட்டினால் ணங் என்று கேட்காது, தொப் என்று கேட்கும். இங்கேதான் நம் பித்தளைக்கு மறுபிறவி.

இந்தத் தடவை பித்தளை ஏழை வீட்டுப் பிள்ளையாக வரவில்லை. 1970-களின் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவைச் சுற்றி வளர்ந்த அலெம்பிக் என்ற நிறுவனம் இருந்தது. அதில் ரான் விக்கர்ஷாம் மின்னணுவியல்காரர். ரிக் டர்னர் வாத்தியம் செய்கிறவர். அவர்கள் செய்த கிட்டாரிலும் பேஸிலும் குதிரை பித்தளை, கழுத்து முனையில் கம்பி தாங்கும் கட்டை பித்தளை, குதிரைக்குக் கீழே மரத்துக்குள் புதைத்து வைத்த கனத்த பாளமும் பித்தளை. நோக்கம் ஒன்றே: கார்வை. கம்பியின் அசைவு குதிரை வழியாக மரத்துக்குள் கசிந்து வீணாகாமல், அசையாத கனத்தில் மோதித் திரும்பக் கம்பிக்கே வர வேண்டும். கனம் கூடினால் கசிவு குறையும். இது இயற்பியல்; மறுக்க முடியாது. பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க் கையில் அந்த பேஸ் பாடியதைக் கேட்ட பலர் பித்தளைக்கு மாறிவிட்டார்கள்.

அப்புறம் ஒரு பித்தளைக் காய்ச்சல். உதிரிப் பாகம் விற்றே பெயரெடுத்த ஷெக்டர் போன்ற கடைகள் பித்தளைக் குதிரைகளைக் கொண்டுவந்தன. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் மைக்காபர் என்று பெயரிட்டு வைத்திருக்கும் டெலிகாஸ்டரில் பழைய குதிரை போய்ப் பித்தளைக் குதிரை வந்தது. அவர் அந்தக் கிட்டாரில் ஐந்து கம்பிதான் போடுவார். ஆறாவது சேணத்தைக் கழற்றியே எறிந்துவிட்டார். தி போலீஸ் என்ற இசைக்குழுவின் ஆண்டி சம்மர்ஸின் டெலிகாஸ்டரிலும் ஆறு சேணத்தோடு பித்தளைக் குதிரை. கடைசியில் ஃபெண்டர் கம்பெனியே 1980-இல் தங்க முலாம் பூசிய பித்தளை உதிரிகளோடு ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டது. முப்பது வருஷம் முன்பு மலிவு என்று எடுத்த உலோகத்துக்கு இப்போது தங்கப் பூச்சு. எங்கள் தெருவில் பித்தளைக் குடத்தை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிய வீடுகள்தான் இன்று வரவேற்பறையில் பித்தளை உருளியில் பூ மிதக்க விடுகின்றன.

அதே சமயம் எதிர்த் திசையில் ஒருவர் நடந்தார். ஃபிளாய்டு ரோஸ் நகை செய்கிறவர், கிட்டார் வாசிப்பவர். கம்பியை இரு முனையிலும் இறுகப் பூட்டிவிட்டால் எவ்வளவு ஆட்டினாலும் சுருதி விலகாது என்று 1970-களின் பிற்பகுதியில் ஒரு பூட்டுக் குதிரை செய்தார். நகைக்காரர் கைக்கு வந்தது பித்தளை. முதல் பூட்டை அதிலேயே செய்தார். கம்பி பித்தளையைக் கடித்துக் குதறியது. கடைசியில் கடினமாக்கிய எஃகுக்குப் போனார். அங்கே நாதம் பற்றிப் பேச்சே எழவில்லை.

சரி, காதுக்கு வித்தியாசம் உண்டா இல்லையா? உண்டு. ஆனால் சொல்கிற அளவுக்கு உலோகத்தால் அல்ல. கணக்குப் பார்ப்போம். பித்தளையின் அடர்த்தி எஃகைவிடக் கொஞ்சம்தான் கூட: கன சென்டிமீட்டருக்கு 8.5 கிராம், எஃகு 7.85. ஆனால் முன்பே சொன்னேன், பழைய பித்தளை உருளை பருமன், எஃகு உருளை ஒல்லி. பருமனையும் சேர்த்துப் பெருக்கினால் பித்தளைத் துண்டு எஃகுத் துண்டைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு கனம். ஒரே நீளத்தில், துளைகளைக் கணக்கில் எடுக்காமல். பித்தளையின் இனிமை என்று இத்தனை காலம் பேசியதில் எவ்வளவு பித்தளையைச் சேர்ந்தது, எவ்வளவு பருமனைச் சேர்ந்தது? பெரும்பாலோர் பிரித்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் கடையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்தன. மறுபக்கம், எஃகின் விறைப்பு பித்தளையைப் போல இரண்டு மடங்கு. ஒன்று கனத்தில் ஜெயித்தால் மற்றது விறைப்பில் ஜெயிக்கிறது.

ஒரு விடுமுறை நாளில் நானும் நண்பர் ஒருவரும் சோதித்தோம். ஒரே கிட்டார், புதுக் கம்பி. முதலில் பருத்த பித்தளை, பிறகு ஒல்லி எஃகு. வித்தியாசம் கேட்டது, எஃகில் மேல் கம்பிகள் கொஞ்சம் கறாராக, முனை கூராக. பிறகு அதே பருமனில் எஃகு உருளை வாங்கிப் போட்டோம். நான் கண்ணை மூடிக்கொள்ள அவர் வாசித்தார். பத்துத் தடவையில் பாதி சரியாகச் சொன்னேன். நாணயம் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். அதோடு ஒவ்வொரு தடவையும் மாற்றி மாட்டச் சுருதி கூட்ட அரைமணி நேரம் ஆனது. அரைமணிக்கு முந்திய நாதத்தை எந்தக் காது ஞாபகம் வைத்திருக்கும்? இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

அன்று எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லாமல் கேட்டது வேறொன்று. நடு உருளையின் ஒரு கால் தகட்டைத் தொடாமல் மயிரிழை தூக்கலாக நின்றது. அதை இறக்கிப் பதிய வைத்ததும் நான்காவது கம்பியில் இருந்த பிசிர் போய், கார்வை நீண்டது. பித்தளை எஃகு என்று இரண்டாயிரம் ரூபாய் செலவழித்ததற்குப் பதில் கால் சுற்றுத் திருகு.

தகட்டில் மட்டும் உலோகம் வேறு வழியாக வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிக்கப்பில் காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றி நிற்கும் எஃகுத் தகடு அந்தக் காந்தப் புலத்துக்குள்ளேயே இருக்கிறது. டெலிகாஸ்டரின் மூக்கால் பேசும் அந்தக் கறார்க் குரலில் தகட்டுக்கும் பங்குண்டு. தகட்டைப் பித்தளையாக்கினால் காந்தம் அதைக் கண்டுகொள்ளாது, நாதம் நிஜமாகவே மாறும். ஆகவே கடைக்காரர் பித்தளைக் குதிரை என்றால், தகடா உருளையா என்று கேளுங்கள். முலாம் பூசியிருந்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொண்டு போவது நல்லது, பித்தளையில் ஒட்டாது. எவர்சில்வரிலும் சில வகையில் ஒட்டாது, அதனால் காந்தம் ஒட்டவில்லை என்பதாலேயே பித்தளை என்று முடிவுகட்ட வேண்டாம்.

1982-இல் ஃபெண்டர் கம்பெனி தன் 1952 டெலிகாஸ்டரைப் பழைய வடிவிலேயே மறுபடி செய்து விற்கத் தொடங்கியது. பித்தளை உருளை மூன்றும் திரும்பி வந்தன. இப்போது அது பாரம்பரியம். சில ஆண்டுகளில் அதே கம்பெனியின் அமெரிக்கன் ஸ்டாண்டர்டு டெலிகாஸ்டர் ஆறு தனித்தனி எவர்சில்வர் சேணங்களோடு வந்தது. சுருதிக் கணக்கு ஒருவழியாகச் சரியானது. ஆனாலும் மூன்று உருளையை விட மனசில்லாதவர்கள் அதற்கும் வழி கண்டார்கள். துளையைக் கொஞ்சம் கோணலாகப் போட்டு உருளையைச் சாய்த்து நிறுத்தினால், ஒரே உருளையில் ஒரு கம்பி நீளும், பக்கத்துக் கம்பி குறையும். நடு உருளை மட்டும் மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கம் சாயும், சுற்றாத மூன்றாவது கம்பிக்காக. ஐம்பது வருஷப் புகாரைத் தீர்த்தது ஒரு கோணல் துளை.

ஃபெண்டர் என்ற மனிதர் என்ன ஆனார்? கம்பெனியை விற்றபின் சும்மா இருக்க முடியாமல் மியூசிக் மேன் என்ற கம்பெனியில் வேலை செய்தார், பிறகு ஃபுல்லர்ட்டனிலேயே ஜி அண்ட் எல் என்று புதிதாகத் தொடங்கினார். 1985-இல் தன் பழைய டெலிகாஸ்டரைப் போலவே ஒன்று செய்து, பழைய பெயரான பிராட்காஸ்டரையே அதற்கு வைத்தார். இந்தத் தடவை ஆட்சேபித்தது ஃபெண்டர் கம்பெனி. தன் பெயர் தாங்கிய கம்பெனியிடமே பெயரைப் பறிகொடுத்து, அதை ஏசாட் என்று மாற்றினார். 1991 மார்ச் 21-இல் இறந்தார். அவருக்குப் பிறகும் ஏசாட் கிளாசிக் விற்பனையில் இருந்தது. குதிரை அதே மடக்கிய எஃகுத் தட்டு. சேணம் ஆறு, எல்லாம் பித்தளை.

என் ஃபிலிம் டப்பாவில் கிடக்கும் மூன்றும் எஃகு. கிட்டாரில் இருப்பது பித்தளைதான், வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் ஆறாவது கம்பியின் கீழே பள்ளம் ஆழமாகி, கம்பி அங்கேயே இரண்டு தடவை அறுந்தது. புதிது வாங்கலாமா என்று விலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. துளைகள் மேலிருந்து கீழ்வரை முழுக்க மரை. கால் திருகுகளைக் கழற்றினேன், பின்திருகை எடுத்தேன், உருளையைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி மாட்டினேன். இதுவரை கம்பி படாத பித்தளை மேலே வந்தது.